கடைசியா என்ன சாப்புட்டான்? யாரு குடுத்தா?

எங்கள் அத்தை சாவு விழுந்த துட்டி வீட்டுக்குள் நுழைகிறாள் என்றால், அழுதுகொண்டிருப்பவர்களே மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். மற்றப் பெண்கள் வந்ததும் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். அத்தையும் அழுவாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முந்தானையின் ஈரம் காய்வதற்குள் ஆரம்பித்துவிடுவாள். எங்கே இருந்தான், என்ன செய்துகொண்டிருந்தான், பக்கத்தில் யார் இருந்தது? எல்லாம் கேட்டு முடித்துக் கடைசியில் குரலைத் தாழ்த்துவாள்.

"கடைசியா என்ன சாப்புட்டான்? யாரு குடுத்தா?"

எண்பதைத் தாண்டிய கிழவர் தூக்கத்திலேயே போயிருப்பார். அவருக்கும் இதே கேள்விதான். மருமகள்காரி கஞ்சி ஆற்றிக் கொடுத்திருப்பாள், தொலைந்தது, அத்தையின் கண் அவள் மேல் போய்க் குத்தி நிற்கும். போடியில் எங்கள் தெருவில் அத்தையால் பேச்சு வார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. "உங்க அக்காவ வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டுங்கய்யா" என்று என் அப்பாவிடம் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. அவளோடு துட்டிக்குப் போவது முட்டுகிற மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போவது மாதிரி. யாரைப் பார்த்துத் தலையைத் தாழ்த்துமோ என்று கயிற்றை இறுக்கிப் பிடித்தபடியே போக வேண்டும். போன வருஷம் அவளே போய்ச் சேர்ந்தாள். கடைசியாகக் கஞ்சி கொடுத்தது நான்தான். கேட்பதற்குத்தான் அவள் இல்லை.

பிழைப்பும் அவளுக்குத் தோதாகவே அமைந்தது. ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் காய் பொறுக்கும் வேலை. மலையிலிருந்து வரும் காயைப் பரப்பிப் போட்டுக்கொண்டு வெடித்தது, வெளுத்தது, பூச்சி குத்தியது என்று பிரித்துப் போட வேண்டும். அத்தை ஒவ்வொரு காயையும் பிடிபட்ட திருடனைப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ரொம்பப் பச்சையாக இருந்தால் விடமாட்டாள். ஈரத்துணியில் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று வெளிச்சத்தில் பிடிப்பாள். பல தடவை ஒட்டியிருக்கிறது, முதலாளி மெச்சியிருக்கிறார். ஒரு தடவை ஒட்டவில்லை. அப்போதும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. இவ்வளவு பச்சை எங்கிருந்து வரும் என்று ஸ்டோரே கேட்கும்படி பேசிவிட்டாள். காய் கொண்டுவந்தவர் நல்ல மனிதர், பக்குவமாகக் காயவைத்த காய். முகம் செத்துப்போய் மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனாராம். இதை என்னிடம் சொல்லி வருத்தப்பட்டவள் அத்தையோடு உட்கார்ந்து காய் பொறுக்கிய பக்கத்து ஊர்ச் சிலமலைக்காரி. அத்தையைவிட ரொம்ப இளையவள், இரண்டு ஆண் பிள்ளைகளுக்குத் தாய். அத்தையோடு ஒட்டிக்கொண்ட ஒரே ஜீவன் அவள்தான்.

இத்தனை சந்தேகக்காரி சந்தேகமே படாத சங்கதி ஒன்று இருந்தது. மாமா அவளைப் பார்த்து மயங்கி விழுந்த கதை.

கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது. ஊர்ப் பொங்கலில் ஓட்டப்பந்தயம். மாமா எல்லோருக்கும் முந்தி ஓடிவந்து எல்லைக் கயிற்றைத் தொட்டதும் அப்படியே மடங்கி விழுந்தார். விழுந்த இடத்தில் அத்தை தன் வயசுச் சோட்டுப் பெண்களோடு நின்றிருந்தாள். யாரோ தண்ணீரைத் தெளித்தார்கள். கண்ணைத் திறந்தவருக்கு முதலில் தெரிந்தது இவள் முகம். சிரித்துவிட்டார். பொண்ணைப் பார்த்து மயங்கிவிட்டான் என்று ஊரே கைதட்டியது. அந்தக் கேலிதான் வளர்ந்து அடுத்த தையில் கல்யாணத்தில் முடிந்தது. இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அத்தைக்கு வேறு முகம் வந்துவிடும். "ஓடுன களைப்புன்னு சொல்றாக. களைப்பாம் களைப்பு" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுக்காது.

கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையவில்லை. பஸ்சு போகாத எஸ்டேட்டுகளுக்கு அப்போது நடைதான். மாமாவும் கூடவே திரிகிற அவருடைய சேக்காளி ஒருவரும் எஸ்டேட்டு வேலைக்கு மலைப்பாதையில் ஏறினார்கள். யார் முந்தி என்று ஓடி ஏறுவது அவர்களுக்கு வழக்கம். எப்போதும் மாமா முதல், சேக்காளி இரண்டாவது. அன்றைக்குப் பாதி வழியில் ஒரு பாறையடியில் சேக்காளி தூக்குவாளியைத் திறந்து மாமாவுக்குச் சுக்குக்காப்பி கொடுத்திருக்கிறார். குடித்துவிட்டு மறுபடி ஓடியவர் அடுத்த வளைவில் விழுந்தார். பின்னால் ஏறி வந்தவர்கள் தண்ணீர் தெளித்தார்கள். இந்தத் தடவை கண் திறக்கவில்லை.

உச்சிவெயில் நேரம், வளைவில் முனி குடியிருக்கிற மரம். அதனால் முனி அடித்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டி, உடம்பை எரித்துவிட்டது. எங்கள் மலைச்சரிவுகளில் திடுமென்று செத்துப்போன இளவட்டங்களுக்கு அன்றைக்கு இருந்த ஒரே வியாதி அதுதான். விழுந்த இடத்தில், போகிறவர் வருகிறவர் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அப்படிக் கொப்புக் குவிந்த இடங்கள் அந்தப் பாதையில் ஒன்றல்ல.

அத்தை முனியை நம்பவில்லை. முனிக்கும் என் புருஷனுக்கும் என்ன பகை என்று கேட்டாள். எப்போதும் இரண்டாவதாக வருகிறவனுக்குத்தான் பகை என்றாள். போலீசு அந்த மனிதரைக் கூட்டிப்போய் விசாரித்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டது. அத்தை அனுப்பவில்லை. அவர் மலை வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான சிலமலையில் பஸ்சு நிற்கிற இடத்தில் காப்பிக்கடை போட்டார். அவருக்கு முன்னால் அத்தையின் வார்த்தை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. யார் வந்து குடிப்பார்கள்? கடையைச் சாத்திவிட்டு வயலோடு கிடந்தார். சுக்குக்காப்பிக்காரர் என்ற பேர் மட்டும் நின்றுவிட்டது. அத்தை அந்த ஊரில் கால் வைத்ததில்லை. பஸ்சு அந்த வழியாகப் போனால் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அவரோடு ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

இப்படியே போயிருக்கும். செல்போன் வந்து கெடுத்தது.

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. ஒரு வீடியோவில் பந்து போட ஓடிவந்த பையன் பாதியில் சாய்கிறான். ஜிம்மில் எடை தூக்கியவன் எடையோடு சரிகிறான். கல்யாண வீட்டில் ஆடுகிறவன் ஆடியபடியே உட்காருகிறான். ஸ்டோர்ப் பெண்கள் அனுப்ப அனுப்ப அத்தை பார்த்தாள். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கொரோனா ஊசி என்றாள் ஒருத்தி, பிராய்லர் கோழி என்றாள் இன்னொருத்தி, ஜிம்மில் கொடுக்கிற பவுடர், செல்போன் டவர். பொட்டிபுரத்து மலையைக் குடைந்து ஏதோ ஆராய்ச்சிக்கூடம் வைக்கப்போகிறார்களே, அதனால்தான் என்று ஒருத்தி அடித்துச் சொன்னாள். இன்னும் மலையைக் குடையவே இல்லையே அம்மா என்றால், அதைத்தான் மறைக்கிறார்கள் என்றாள். அத்தை எதையும் தள்ளவில்லை. யாரோ எதையோ கொடுக்கிறார்கள் என்பதுதான் அவளுக்கு முக்கியம். "முந்தி இதெல்லாம் ஏது? மலையேறுறவன் நெஞ்சு கல்லு மாதிரி இருக்கும்" என்பாள்.

நான் போடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுக்கிறவள். அந்த வீடியோக்கள் சுற்றத் தொடங்கியதும் எங்கள் அறை வாசலில் இளவட்டக் கூட்டம். அக்கா, நெஞ்சு படபடங்குது என்று வந்து படுப்பான். படத்தைப் பார்த்தால் குதிரை மாதிரி இருப்பான். அவனைப் படபடக்க வைத்தது அவன் சட்டைப்பையில் இருந்த போன். ஆனாலும் எனக்கும் சந்தேகம் தட்டாமல் இல்லை. இவ்வளவு பேர் சொல்கிறார்களே, நெருப்பில்லாமல் புகையுமா? டாக்டரிடம் கேட்டேன்.

அவர் சட்டென்று ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அதுவே எனக்கு முதலில் சந்தேகமாக இருந்தது. கூடுகிறது என்றால் முன்பு எவ்வளவு என்று தெரிய வேண்டாமா, யார் எண்ணி வைத்தார்கள் என்று கேட்டார். அன்றைக்கு மைதானத்தில் விழுந்தவன் அவன் ஊரோடு முடிந்தான். இன்றைக்கு ஒருத்தன் விழுந்தால் நாடே பத்துத் தடவை பார்க்கிறது. கூடியும் இருக்கலாம், ஒழுங்காக எண்ணிப் பார்க்காமல் இல்லை என்றும் தன்னால் சொல்ல முடியாது என்றார். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொன்னார். ஓடும்போதோ ஓடி முடித்ததுமோ ஒருத்தன் மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளித்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. சிலருக்கு நெஞ்சிலேயே பிறவிக் குறை இருக்கும், கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம். படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலமே அத்தையிடம் போய் இதையெல்லாம் ஒப்பித்தேன். முன்பும் இருந்திருக்கும், நீங்கள்தான் முனி என்று கொப்புப் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள் என்று வாய்த்துடுக்காக ஒரு வார்த்தையும் சேர்த்தேன். அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளினாள்.

"இல்ல. அப்பெல்லாம் கெடையாது. இருந்துச்சுன்னு ஓன் டாக்டரு வந்து பாத்தாரா?"

பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனாள். கோபம் என்றுதான் நினைத்தேன். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏத்தா, அவகிட்ட இதப் பேசாத. அந்தக் காலத்துலயும் ஓடுறவன் நெஞ்சு தானா நிக்கும்னா, அப்ப காப்பி குடுத்த சிலமலைக்காரரு என்ன பாவம் பண்ணுனாரு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தச் சாவுகள் புதுசாக இருந்தால்தான் அத்தை சரி. பழசு என்றால், ஒரு மனிதரின் வாழ்க்கையை அவள் வாய் தின்றிருக்கிறது. கூடுகிறதா இல்லையா என்பது மற்றவர்களுக்கு வாய்க்குப் போட்டு மெல்லுகிற வம்பு. அவளுக்கு உயிர் போகிற கேள்வி. அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பிறகு சிலமலையில் அந்தப் பையன் செத்தான். அத்தையோடு காய் பொறுக்கியவளின் மூத்த மகன். கபடியில் பாடிப் போனவன், தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பி வந்து நின்றவன், அப்படியே விழுந்தான். அத்தை செய்தி கேட்டதும் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். அத்தனை வருஷம் முகம் திருப்பிப் போன ஊரில் நானும் அவளும் இறங்கினோம்.

தாய்க்காரியைக் கட்டிக்கொண்டு அத்தை அழுத அழுகை உண்மையான அழுகை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பழக்கம் விடுமா? முகத்தைத் துடைத்தாள். கடைசியா என்ன சாப்புட்டான் என்று கேட்டாள். ஆட்டத்துக்கு முன்னால் சோடா குடித்தான், எதிர் டீமுக்காரப் பையன் வாங்கிக் கொடுத்தான் என்று பக்கத்தில் இருந்த ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான், பெண்கள் மத்தியில் ஒரு சலசலப்பு. அது ஆண்கள் பக்கம் போவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. சோடா கொடுத்தவன் வேப்பமரத்தடியில் மாலையோடு நின்றுகொண்டிருந்தான். செத்தவனின் சித்தப்பா எழுந்து போய் அவன் சட்டையைப் பிடித்தார். அந்தப் பையனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. இன்னொரு சுக்குக்காப்பிக்காரரை என் கண் முன்னால் செய்துகொண்டிருந்தார்கள்.

தாய்க்காரிதான் தலையை ஆட்டினாள்.

"சோடாவுல என்னக்கா இருக்கு. போன மாசித் திருவிழாவுல ஓடி முடிச்சதும் இப்படித்தான் மயங்கி விழுந்தான். தண்ணி தெளிச்சோம், எந்திரிச்சுச் சிரிச்சான். வெயிலுன்னு விட்டுட்டேனே."

அத்தை முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். எனக்குத் தெரிந்த அதே கை, அதே மூடல். சிரிப்பு மட்டும் இல்லை. அந்தக் கணத்தில்தான் எனக்கும் உறைத்தது. கயிற்றைத் தொட்டதும் விழுந்த மாமா. கண்ணைத் திறந்ததும் சிரித்த மாமா. நூறு தடவை கேட்ட கதை, ஒரு தடவைகூட எனக்குப் பொறி தட்டவில்லையே! அவள் எதைக் கேட்டுக்கொண்டு ஊர் ஊராகத் துட்டி வீடுகளில் அலைந்தாளோ, அதன் பதில் அவளுடைய செல்லக் கதைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அத்தை எழுந்து, ஆண்கள் இருந்த பக்கம் நேராகப் போனாள்.

"அந்தப் பயல விடுங்க. அவன் ஒண்ணும் பண்ணல."

யாரையும் அவள் அப்படி விடச் சொன்னதை நான் கேட்டதே இல்லை. குரலில் என்ன இருந்ததோ, சித்தப்பா கையை எடுத்துவிட்டார். அடுத்து அத்தை இளையவன் எங்கே என்று கேட்டாள். அவனும் கபடிக்காரன்தான். அவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, காரியம் முடிந்ததும் இவனைப் படம் எடு, நன்றாக இருக்கிறது என்று வந்தாலும் நம்பாதே, பெரிய டாக்டரிடம் காட்டு என்றாள். காட்டினோம். எங்கள் டாக்டர் நெற்றியைச் சுருக்கி மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே அந்தக் குறைக்கு ஒரு பேர் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள், ஆடக் கூடாது என்றார்கள். கிழவி என் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டாள் என்று அவன் இன்றைக்கும் திட்டுகிறான். திட்டட்டும். உயிரோடு இருந்து திட்டுகிறான்.

அந்த வீட்டைவிட்டு வெளியே வந்ததும், பஸ்சு நிற்கிற பக்கம் திரும்பாமல் அத்தை எதிர்ப்பக்கம் நடந்தாள். வழியில் ஒருத்தியிடம் சுக்குக்காப்பிக்காரர் வீடு எது என்று கேட்டாள். கேட்ட உடனே, அப்படிக் கேட்டதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். வற்றிப்போன உடம்பு, நெஞ்செல்லாம் வெள்ளை முடி. அத்தையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அடையாளம் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. முகம் அப்படிச் சொல்லவில்லை. துட்டி வீட்டிலிருந்து நேராக இன்னொரு வீட்டுக்குள் போகக் கூடாது என்பதால் அத்தை தெருவிலேயே நின்றாள்.

"துட்டிக்கு வந்த காலுண்ணே. உள்ள வரல."

"எந்தக் காலா இருந்தா என்ன, தாயி. இந்த வீட்டுக்கு யாரு வர்றா."

குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை, இருக்கிறதைச் சொன்னார். அத்தை கேட்டாள். கேள்வி கேட்பதையே பிழைப்பாக வைத்திருந்தவள் அந்தக் கேள்விக்கு வாய் வராமல் திணறினாள்.

"அன்னைக்கு முந்தி எப்பவாச்சும், மலையேறையில, அவருக்கு மயக்கம் வந்துச்சா?"

"வந்துச்சே. ரெண்டு தடவ பாறையில சாச்சு வச்சிருந்தேன். வீட்டுல சொல்லிறாதடா, அவ பயந்துக்கிருவான்னான். அன்னைக்கும் ஒரு மாதிரி மூச்சு வாங்குச்சு. அதான் நானா நிப்பாட்டிக் காப்பி குடுத்தேன். போலீசுல சொன்னேன், ஊருல சொன்னேன். நீ கேக்கல, தாயி."

எல்லாச் சாவையும் விசாரித்தவள், கொடுத்தவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவரே தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கே சந்தேகந்தான். சுக்குல ஏதும் விழுந்து கெடந்துச்சோ, பாக்காமக் குடுத்துட்டமோன்னு. இன்னைக்கும் வர்ற நெனப்புத்தான்."

"காப்பியில ஒண்ணும் இல்லண்ணே" என்றாள் அத்தை. "அவரு நெஞ்சுல இருந்திருக்கு. எனக்கு ஒரு வாய் காப்பி குடுங்க."

அவர் உள்ளே போனார். வெகுநேரம் கழித்து ஒரு டம்ளர் நிறையக் காப்பியும் ஒரு வெறும் டம்ளருமாக வந்தார். காப்பியில் கொஞ்சத்தை வெறும் டம்ளரில் சரித்து, எங்கள் முன்னாலேயே குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, சற்று நின்றார். சீனி பார்க்கிறாராக்கும் என்று நினைத்தேன். அத்தையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. தன் கையால் எது கொடுத்தாலும் அவர் இப்படித்தான் குடித்துக் காட்டிவிட்டுக் கொடுப்பார் போலிருக்கிறது. கை அந்தப் பழக்கத்தில் தானாகச் செய்தது. மறுபடியும் சரிக்கப் போனார்.

"குடிச்சுக் காட்ட வேணாம்ண்ணே" என்றாள் அத்தை. "குடுங்க."

என் வீட்டுக் காப்பியையே மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கிறவள், அந்த டம்ளரை மோந்து பார்க்காமல் வாங்கி, அடிமண்டி வரைக்கும் குடித்தாள். குடித்துவிட்டு அங்கேயே தெருவில் உட்கார்ந்து, துட்டி வீட்டில் அழுததைவிடச் சத்தமாக அழுதாள். வயலுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் நின்று, யாரு இது, என்ன ஆச்சு என்று அவரிடம் கேட்டார்கள். அவர் காலி டம்ளரைக் குனிந்து எடுத்துக்கொண்டார்.

"எங்க சேக்காளி வீட்டுக்காரி" என்றார். "காப்பி குடிக்க வந்திருக்கு."